படிமம் உண்டு, ஸனது இல்லை
அரபுத்தமிழ் நூல்களின் மின்னாக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஹதீஸ் கலையில் புகும் மாணவர் கற்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று, ‘துருகுத் தஹம்முல்’ எனப்படும், அறிவைப் பெற்றுக்கொள்ளும் வழிகளைப் பற்றியதாகும். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தமது ‘முகத்திமா’வில் இவ்வழிகளை எட்டாக வகுத்துள்ளார்கள். ஆசிரியர் ஓத, மாணவர் செவிமடுக்கும் ‘ஸமாஉ’ அவற்றுள் முதலாவது. மாணவர் ஓத, ஆசிரியர் கேட்டுத் திருத்தும் ‘அர்ழ்’ அதற்கு அடுத்தது. இவ்வரிசையின் கடைக்கோடியில் நிற்பது ‘விஜாதா’. ஒருவர் எழுதி வைத்ததை, அவரிடம் கேட்டிராத, அவருடைய அனுமதியும் பெற்றிராத பிறிதொருவர் கண்டெடுப்பதையே இச்சொல் குறிக்கும். அவ்வாறு கண்டெடுத்தவர் ‘அவர் எனக்கு அறிவித்தார்’ என்று கூற முடியாது. ‘அவரது கையெழுத்தில் நான் கண்டேன்’ என்றுதான் கூற முடியும்.

கடந்த இருபது ஆண்டுகளாக நம் முன்னோரின் அறிவுச் செல்வங்களைக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சிகள் பெருகி வருகின்றன. மூத்தோரிடம் உள்ளதை இளையோரிடம் சேர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை என்று மேடைதோறும் கூறப்படுகின்றது. இக்கூற்றை அரபுத்தமிழ் எனும் ஒரே ஒரு துறையில் வைத்து உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று நடைபெறும் மின்னாக்கம் நமக்கு ஸமாஉவைத் தருகின்றதா, அல்லது விஜாதாவோடு நின்றுவிடுகின்றதா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

கண்டெடுத்தவை

முதலில் நன்றிக்குரியதை நன்றியோடு நினைவுகூர்வோம். தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் இணையத்தில் ஏற்றி வரும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் இன்று எந்த ஊரில் இருப்பவருக்கும் கிடைப்பதில் அதற்குப் பங்குண்டு. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை அவை இருக்கும் நாட்டிலேயே வைத்துப் படியெடுக்க நிதியளிக்கும் பிரித்தானிய நூலகத்தின் திட்டம் 2004இல் பிறந்தது. இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் ‘நூலகம்’ 2005இல் தொடங்கி, முஸ்லிம்களின் ஆவணங்களையும் தனித்தொகுப்பாகப் பேணி வருகின்றது. அலமாரிகளிலும் பரண்களிலும் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏடுகள் பல இத்தகைய முயற்சிகளால் உயிர்தப்பின.

அரபுத்தமிழ் நூல்களும் இவ்வாறு படிமங்களாகக் கிடைக்கத் தொடங்கியுள்ளன. காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி இலங்கையின் பேருவளை வரை, அரபு எழுத்தில் தமிழை எழுதியும் கல்லச்சில் பதித்தும் நம் முன்னோர் வளர்த்த மரபு இது. அகீதாவும் ஃபிக்ஹும் மட்டுமல்லாது, மருத்துவக் குறிப்புகளும் குடும்பக் கணக்குகளும் கடிதங்களும் இவ்வெழுத்தில் எழுதப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்கள் இம்மரபின் தலைமகனாவார்கள். அவர்களது ‘ஃபத்ஹுத் தய்யான்’ 1963இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அந்நூலைப் பெயர்ப்பில் படிக்கக்கூடிய இளைஞர் நம்மிடையே ஏராளம். அதன் மூலத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர் எத்தனை பேர்? அதுவோ அவர்களது தாய்மொழியில், அவர்கள் நாள்தோறும் ஓதும் எழுத்தில் அமைந்த நூல்.

“யாருக்கிட்ட ஓதுனே?”

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், மின்வருடல் செய்யப்பட்ட ஒரு கல்லச்சுச் சிறுநூலைக் கைப்பேசியில் காட்டினார். தலைப்புப் பக்கம் கிழிந்திருந்தது. இடையிலும் ஓர் ஏடு இல்லை. குர்ஆனைத் தஜ்வீத் முறைப்படி அழகுற ஓதக்கூடிய அம்மாணவர், முதல் வரியிலேயே திணறினார். அவருக்கு உதவ முயன்ற நானும் மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். அரபுச் சொல் எங்கே முடிகின்றது, தமிழ்ச் சொல் எங்கே தொடங்குகின்றது என்பதே பல இடங்களில் பிடிபடவில்லை.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரொன்றில் இருந்த, எண்பதைக் கடந்த தம் உம்மும்மாவிடம் அவர் என்னை அழைத்துச் சென்றார். திரையின் எழுத்து அம்மூதாட்டியின் கண்ணுக்குத் தெரியவில்லை. பேரர் தட்டுத்தடுமாறி வாசிக்க, கண்களை மூடியவாறு கேட்டுக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் கையுயர்த்தி நிறுத்தினார். “அது மனம் இல்ல வாப்பா, மணம். கீழே புள்ளி இருக்கும், பாரு” என்றார். பார்த்தோம். அச்சு மையின் கறை என்று நாங்கள் கருதியது, உண்மையில் புள்ளியாகவே இருந்தது. பின்னர் அவர் தாமே மெட்டோடு ஓதத் தொடங்கினார். படிமத்தில் இல்லாத ஏடு அவரது நாவில் இருந்தது.

ஓதி முடித்ததும் பேரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இத நீ யாருக்கிட்ட ஓதுனே?” “போன்ல பார்த்தேன் உம்மும்மா” என்றார் மாணவர். மூதாட்டி என்னைப் பார்த்து, “பார்த்தா ஓதுனதாகுமா ஆலிம்சா?” என்று கேட்டார். உஸூலுல் ஹதீஸ் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தி வருபவன் நான். ஸமாஉவுக்கும் விஜாதாவுக்கும் உள்ள வேறுபாட்டை இத்துணைச் சுருக்கமாக எந்த வகுப்பிலும் நான் விளக்கியதில்லை.

புள்ளியும் பொறியும்

அம்மூதாட்டி சுட்டிய புள்ளி சிறியதொரு செய்தி அன்று. அரபு மொழியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை அமைத்தனர். நூன் எழுத்தின் கீழே ஒரு புள்ளி இட்டால் அது ணகரம். அப்புள்ளி தேய்ந்தால் மணம் மனமாகும். பெண் பென்னாகிப் பொருளிழக்கும். தஸ்ஹீஃப் என்று நம் அறிஞர்கள் பெயரிட்ட பிழை இதுவேயாகும். ஆசிரியரிடம் கேளாது ஏட்டிலிருந்து மட்டும் எடுப்பவரை அவர்கள் ‘ஸஹஃபீ’ என்று அழைத்து, அவரிடம் அறிவைப் பெறுவதில் எச்சரிக்கை காட்டினர்.

கணினி இங்கே எவ்வாறு நடந்துகொள்கின்றது? ஒருங்குறியின் 8ஆம் பதிப்பு வெளியான 2015ஆம் ஆண்டில்தான், அரபுத்தமிழுக்கென்றே தேவைப்பட்ட சில எழுத்துகள் அதில் இடம்பெற்றன. அதாவது இமாமுல் அரூஸ் அவர்கள் மறைந்து 117 ஆண்டுகளுக்குப் பின்னரே, அவர்கள் எழுதியதை அவர்கள் எழுதியவாறே கணினியில் உள்ளிட முழுமையாக வழி பிறந்தது. குறியீட்டெண் கிடைத்துவிட்டதால் மட்டும் எழுத்துரு தானே வந்துவிடுவதில்லை, விசைப்பலகையும் வந்துவிடுவதில்லை. படிமத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் அரபு, உருது, பாரசீக நூல்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. அவை நம் ணகரப் புள்ளியைக் கறையாகக் கொள்ளவே வாய்ப்பு மிகுதி. நானும் என் மாணவரும் செய்த பிழையை ஒரு பொறி செய்வதில் வியப்பில்லை. எங்களைத் திருத்த ஒருவர் இருந்தார். பொறியைத் திருத்துபவர் யார் என்பதே கேள்வி.

இவ்விடத்தில் நம் வரலாற்றின் தலையாய முன்மாதிரியொன்று நினைவுகூரத்தக்கது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் முஸ்ஹஃபைப் பிரதியெடுத்துப் பெருநகரங்களுக்கு அனுப்பியபோது, ஏட்டை மட்டும் அனுப்பவில்லை. ஒவ்வொரு பிரதியோடும் ஓதித்தரும் ஒருவரையும் அனுப்பினார்கள் என்று குர்ஆனியக் கலை நூலாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். மக்காவுக்கு அப்துல்லாஹ் இப்னுஸ் ஸாயிப் (ரலி) அவர்களும், கூஃபாவுக்கு அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) அவர்களும் அவ்வாறு அனுப்பப்பட்டோராவர். எழுத்துகளுக்குப் புள்ளியே இடப்பெறாத அக்காலப் பிரதி, ஓதுபவரின் நாவோடு சேர்ந்தே முழுமை பெற்றது. பிரதி எடுக்கும் தொழில்நுட்பத்தை நம் முன்னோர் ஐயுறவில்லை. அதற்குத் துணையாக ஓர் ஆளை நியமித்தார்கள். நமது மின்னாக்கத் திட்டங்களில் விடுபட்டுப்போனது அந்த ஆள்தான்.

காத்தலும் கடத்தலும்

அறிவைப் பாதுகாப்பதும் அதை அடுத்தவருக்குக் கடத்துவதும் வெவ்வேறு பணிகள் என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடி, 1997இல் அது நீக்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்த செய்தியை, நூற்சான்று காட்டி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இவ்வனுபவத்தின் விளைவாக 2001இல் தொடங்கப்பட்டதே மரபறிவு மின்னூலகம். ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு, அரபு, பாரசீக, உருது நூல்களில் உள்ள யூனானி மருத்துவ முறைகளும் அதில் பதிவாகியுள்ளன.

அம்மின்னூலகம் தான் மேற்கொண்ட பணியைச் செவ்வனே செய்துள்ளது. ஆயினும் அது நீண்ட காலம் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. பிறருக்கும் அதை விரிவுபடுத்த மத்திய அமைச்சரவை 2022இல்தான் ஒப்புதல் அளித்தது. ஒரு ஹகீமின் கைப்பக்குவம் அதன் வழியாக ஒரு மாணவனைச் சென்றடையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. களவு போகாமல் காப்பது அதன் குறிக்கோள். நமது அரபுத்தமிழ்ப் படிமத் தொகுப்புகளையோ, இளைய தலைமுறைக்குக் கடத்துகின்றோம் என்ற பெயரில் உருவாக்கிவிட்டு, காப்பதோடு நிறுத்திக்கொள்கின்றோம். குறை இங்கேதான் உள்ளது.

காத்தல் என்று எடுத்துக்கொண்டாலும், மின்னாக்கம் நிலையானது என்ற நம்பிக்கை மறுபரிசீலனைக்குரியது. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தி வந்த அதன் மின்னாக்கச் சுவடிகள் பல மாதங்கள் காணக்கிடைக்கவில்லை. அத்துணைப் பெரிய நிறுவனத்திற்கே இந்நிலை எனில், ஓர் ஆர்வலரின் வன்வட்டிலும் ஒரு குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவிலும் உள்ளவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சத்தில் பதிந்தது ஒருவரோடு போய்விடலாம். ஆனால் பத்துப் பேரின் நெஞ்சத்தில் பதிந்ததை ஒரே நாளில் முடக்கிவிட எவராலும் இயலாது.

யாருடைய அனுமதி?

மற்றொரு வினாவும் உண்டு. அரபுத்தமிழை இறுதிவரை வாசிப்பு வழக்கில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்று, பள்ளிக்கூடம் செல்லாதிருந்த அவர்களுக்கு அதுவே எழுத்தறிவாக இருந்தது. வீட்டுக்குள் ஓதப்பட்ட மாலைகள், முனாஜாத்துகள், பேறுகாலக் கைமருந்துகள் ஆகியவற்றின் உரிமையாளர் அவர்களே. அவர்களது குரலைப் பதிந்து உலகெங்கும் பரப்புவதற்கு அவர்கள் இசைந்தார்களா என்று நாம் கேட்கின்றோமா? பேரப்பிள்ளைகள் கேட்கட்டும் என்று ஓதியவர், ஊரார் கேட்கட்டும் என்று ஓதினாரா?

இதில் பிற சமூகத்தாரிடமிருந்து நாம் கற்கத்தக்கது உண்டு. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதியில் வாழும் வருமுங்கு எனும் தொல்குடியினர், ஆய்வாளர்களின் துணையோடு 2007இல் ‘முகுர்ட்டு’ என்ற மின்காப்பகத்தை அமைத்தனர். புனிதப் பொருள்களைப் பேணி வைக்கும் பையை அவர்கள் மொழியில் குறிக்கும் சொல் அது. எதனை யார் காணலாம் என்பதை அவர்களது உறவுமுறையும் ஆண்–பெண் மரபும் மூத்தோரின் ஒப்புதலும் முடிவு செய்யும் வகையில் அக்காப்பகம் வடிவமைக்கப்பட்டது. ‘இஜாஸா’ என்று நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அழைத்து வருவதன் சாயலை அதில் காண்கின்றேன். கருத்து நம்மிடம் இருந்தது. கணினியின் முன் அமர்ந்தபோது அதனை மறந்துவிட்டோம்.

நமது குற்றம்

இவ்வளவும் கூறிவிட்டுப் பழியைக் கருவியின் மீது சுமத்துவது நேர்மையாகாது. ஏடுகள் அழிந்ததும் வாசிப்போர் அருகியதும் கணினி வருவதற்கு முன்பே நிகழ்ந்தவை. அரபுக் கல்லூரிகளாகிய நாங்கள்தாம் அரபுத்தமிழைப் பாடத்திட்டத்திற்கு வெளியே நிறுத்தினோம். உருது வழியாகக் கற்றதைப் பெருமையாகவும், வீட்டுப் பெண்கள் வாசித்ததைப் பாமரமாகவும் கருதினோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பட்டம் பெற்ற புதிதில், ஒரு மத்ரஸாவின் பரணைத் தூய்மை செய்யும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. மூன்று சாக்குகள் நிறையச் செல்லரித்த நூல்கள். அல்லாஹ்வின் திருநாமம் உள்ள தாள்கள் மிதிபடக் கூடாது என்ற பேணுதலில், அவற்றைப் படகிலேற்றிக் கடலில் விட்டோம். பெரும்பாலானவை அரபுத்தமிழ் நூல்கள் என்பதை அறிந்தே விட்டேன். ‘இவற்றை இனி யார் வாசிக்கப் போகின்றார்கள்’ என்று அன்று நானே கூறியது நினைவிருக்கின்றது. கண்ணியமாகச் செய்ததாகவே நம்பினேன். எந்த மின்வருடியும் இனி அவற்றை மீட்டுத் தராது.

ஒரு மறுப்பும் விடையும்

அரபுத்தமிழ் தன் கடமையை முடித்துக்கொண்டது; இன்று குர்ஆன் விளக்கம் முதல் ஃபிக்ஹு வரை யாவும் நல்ல தமிழில், தமிழ் எழுத்திலேயே உள்ளன; எனவே படிமங்கள் அருங்காட்சியகத்திற்குப் போதும் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் பாதி உண்மை இருக்கின்றது. இவ்வெழுத்து மீண்டும் மக்கள் வழக்காகும் என்று நானும் எண்ணவில்லை. ஆனால் நம் மூதாதையர் என்ன சிந்தித்தார்கள், எந்தச் சொல்லால் இறைவனிடம் மன்றாடினார்கள், எந்த நோய்க்கு என்ன கொடுத்தார்கள் என்பதைப் பிறர் எழுதிய ஆங்கில நூலிலிருந்து மட்டுமே அறியும் நிலை ஒரு சமூகத்திற்கு உகந்ததன்று. வாசிக்கத் தெரிந்த சிலரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருப்பது ஃபர்ளு கிஃபாயா போன்றதொரு பொறுப்பாகும்.

விஜாதாவையும் நான் தாழ்த்திக் கூறவில்லை. நம்பகமான பிரதியாயின், பிற்காலத்தில் அதன்படி செயலாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற கருத்தை இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களே ஏற்றிருக்கின்றார்கள். ஓதித்தர எவருமே இல்லாத காலத்திற்குரிய சலுகை அது. நம்மிடையே ஓதித்தருவோர் இன்னும் உயிரோடிருக்கும்போதே அச்சலுகையைக் கையிலெடுப்பது முறையாகுமா?

செய்யத்தக்கவை

முதலாவதாக, படிமம் எடுக்கும் ஒவ்வொரு நூலோடும், அதனை ஓதத் தெரிந்த ஒருவரின் குரலும் சேர்த்துப் பதியப்பட வேண்டும். பக்கமும் குரலும் ஒன்றாகத் திறக்குமாறு செய்வது இன்றைய தொழில்நுட்பத்திற்குக் கடினமன்று. இரண்டாவதாக, ஓதியவர் யார், யாரிடம், எவ்வூரில், எந்த ஆண்டளவில் கற்றார் என்ற ஸனது ஒவ்வொரு பதிவிலும் இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, எவர் கேட்கலாம் என்பதை ஓதியவரே முடிவு செய்ய வேண்டும். நான்காவதாக, அரபுக் கல்லூரிகளிலும் பெண்கள் மத்ரஸாக்களிலும் வாரம் ஒரு பாடவேளை இதற்கென ஒதுக்கப்பட்டு, மாணவர் திரையைப் பார்த்து ஓத, மூத்தவர் கேட்டுத் திருத்த வேண்டும். வெளியூரில் உள்ள மூத்தவராயின் காணொளி அழைப்பே போதும். அர்ழ் எனும் பழைய முறைக்குக் கைப்பேசி இவ்வாறு பணி செய்யட்டும். அத்திருத்தங்களைக் கொண்டு பின்னர் பொறிக்கும் கற்பிக்கலாம்.

அம்மூதாட்டியிடம் நாங்கள் மும்முறை சென்று பதிவு செய்தோம். பதிவுகள் என் கணினியில் உள்ளன. ஒலியும் தெளிவாகவே உள்ளது. தமக்கு ஓதிக்கொடுத்த பெண்மணியின் பெயரையும், அவருக்கு ஓதிக்கொடுத்தவரின் பெயரையும் முதல் நாளிலேயே அவர் கூறினார். அப்போது பதிவுக்கருவி இயக்கப்படவில்லை. அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினேன், கேட்க மறந்தேன். அவர் இறையடி சேர்ந்த பின் வீட்டாரிடம் விசாரித்தபோது, அப்பெயர்கள் எவருக்கும் தெரியவில்லை. இப்போது அப்பதிவுகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டும்போது, ‘இவர் யாரிடம் ஓதினார்’ என்று அவர்கள் கேட்கின்றனர். உஸூல் கற்றவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். ‘முன்கதிஉ’ என்று விடை கூறுகின்றேன். அறுந்த கண்ணி நான்தான்.

வல்லாஹு அஃலம்.